வயல்வழி வண்டியின் பின்னிலக்கத்தகடு: இடமாற்றமும் ஒளியூட்டலும்

மோட்டார் வண்டியை வாங்குவோன் முதலில் அதன் முகத்தைப் பார்க்கின்றான். பின்னர் இயந்திரத்தைப் பார்க்கின்றான். சில்லுகளைக் காலால் உதைத்துப் பார்க்கின்றான். பின்புறத்தில் ஆணி கொண்டு பொருத்தப்பட்டுள்ள சிறு தகட்டினை அவன் பார்ப்பதேயில்லை. அத்தகடு அவன்பொருட்டு ஏற்பட்டதன்று என்பதே அதற்குக் காரணம் போலும். வண்டிக்குள் இருப்போர் எவர்க்கும் அது தென்படாது. வண்டி கடந்து சென்ற பின்னர் வீதியிலே நிற்பவனுக்கு மட்டுமே அது தென்படும். அவ்வாறு நிற்பவன் சில வேளைகளிலே விழுந்து கிடப்பவனாகவும் இருத்தல் கூடும். பின்னிலக்கத்தகட்டினை எங்கே பொருத்துவது, எவ்வாறு அதற்கு ஒளியூட்டுவது என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை தருங்கால், இவ்வுண்மையை முதலிலேயே மனத்திருத்துதல் நலம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தொலைவில், வாழைச்சேனைக் களப்பின் கரையிலே ஓட்டமாவடி அமைந்துள்ளது. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 நெடுஞ்சாலை இவ்வூரினூடே செல்கின்றது. ஹபரணையிலிருந்து வரும் ஏ11 நெடுஞ்சாலையும் இப்பகுதியிலேயே வந்து அதனோடு கூடுகின்றது. 1928ஆம் ஆண்டிலே மட்டக்களப்புவரை நீண்ட புகையிரதப் பாதையும் இக்களப்பினை இங்கேதான் கடக்கின்றது. நெடுங்காலம் புகையிரதமும் பஸ் வண்டியும் மாட்டு வண்டியும் ஒரே பாலத்தினைப் பங்கிட்டுக்கொண்டன; உள்நாட்டுப் போர் ஓய்ந்த பின்னரே வீதிக்கெனத் தனிப் பாலம் அமைந்தது. பாலம் அகன்றது, வீதி கம்பளம் விரித்தாற்போல ஆயிற்று, வண்டிகளின் வேகமும் அதற்கேற்ப மிகுந்தது.

ஆயின் இவ்வூரின் வாழ்வு நெடுஞ்சாலையில் மட்டும் அமைந்ததன்று. மேற்கே வாகனேரி, புணானை முதலிய பக்கங்களிலே வயல்வட்டைகள் பரந்து கிடக்கின்றன. அங்குச் செல்லும் வழிகள் கிரவல் வழிகள். மாரியிலே அவை வழிகளுமல்ல, வாய்க்கால்களே. உரமும் விதைநெல்லும் ஏற்றிச் செல்லவும், வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஆட்களையும் மூடைகளையும் கொண்டுவரவும் ஜீப்பு, லாண்ட் றோவர், நாற்சில்லுந் தள்ளும் பிக்கப், உழவு இயந்திரம் ஆகியனவே உதவுகின்றன. இவை பகலெல்லாம் சேற்றிலே உழன்று, பொழுது பட்ட பின் வட்டையை விட்டு ஏறி நெடுஞ்சாலையிற் கலக்கின்றன. கலக்கும் அவ்விடத்திலே அவற்றின் பின்புறம் எத்தகைய நிலையிலுள்ளது? தகடு வரம்பிலே மோதி வளைந்திருக்கும். அல்லது மேலதிகச் சில்லின் பின்னே மறைந்திருக்கும். அல்லது சேற்றுப் பூச்சின்கீழ் உறங்கிக் கிடக்கும். அதன் விளக்கோ முந்திய போகத்திலேயே அவிந்திருக்கும்.

வண்டிக்கு இலக்கமிடும் வழக்கம் மோட்டாருக்கு ஏறக்குறைய ஒத்த வயதினது. 1893ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பாரிஸ் நகரப் பொலிஸ் நிருவாகம் வெளியிட்ட கட்டளையொன்று, வண்டியுரிமையாளரின் பெயர், விலாசம், அனுமதி இலக்கம் ஆகியவற்றை ஓர் உலோகத் தகட்டிற் பொறித்து வண்டியின் இடப்புறத்தே வைத்தல் வேண்டுமென்றும், அஃது ஒருபோதும் மறைக்கப்படலாகாதென்றும் விதித்தது. மறைக்கப்படலாகாது என்னும் அச்சொல்லே இக்கலை முழுமைக்கும் வித்து. பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் 1904 ஜனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தைச் சார்ந்த கட்டளையிலேயே, இரவில் பின்தகட்டின் ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் எளிதிற் புலனாகும் வண்ணம் விளக்கொன்று எரிந்துகொண்டிருத்தல் வேண்டுமெனக் காணப்படுகின்றது. அக்காலத்து விளக்கு எண்ணெய் விளக்கு, காற்றிலே அவியும், சாரதி இறங்கி மீண்டும் கொளுத்துவான். அத்துணைத் தொல்லையையும் பொறுத்து அவ்விளக்கினை ஏன் வேண்டினர்? வேகமாகச் செல்லும் வண்டியொன்று தீங்கிழைத்துவிட்டு இருளில் மறைந்துவிடும் என்னும் அச்சமே காரணம்.

இலங்கையில் இத்தகட்டின் வரலாறு வெறும் தகட்டின் வரலாறாக நிற்கவில்லை. பிரித்தானியர் காலத்தின் பிற்பகுதியிலே, இத்தீவின் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துக்களிலிருந்து எடுத்த ஈரெழுத்துக்கள் இலக்கத்தின்முன் நின்றன. 1950-களின் பிற்பகுதியில் அவ்வாங்கில எழுத்துக்களை நீக்கிச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தினை அரசு புகுத்தியபோது, வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் அதனை எதிர்த்தனர். சிங்கள எழுத்தின்மீது தார் பூசப்பட்டது; தமிழெழுத்தாலான 'ஸ்ரீ' தாங்கிய வண்டிகள் வீதியில் ஓட்டப்பட்டன. 1958 ஏப்பிரல் மாதத்திற் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்ட காலத்துக் கொந்தளிப்பிலே இத்தகட்டுக்கும் ஓரிடமுண்டு. பின்னர் 'ஸ்ரீ' எழுத்தும் வழக்கொழிந்தது. கறுப்பின்மேல் வெள்ளையாகத் தீட்டிய பழைய தகடுகளின் இடத்தை, ஒளியைத் தெறிக்கச் செய்யும் புதிய தகடுகள் பற்றின: முன்னது வெண்ணிறம், பின்னது மஞ்சணிறம், எழுத்துக்கள் கறுப்பு.

வேறொரு நினைவும் இந்நாட்டிலே இத்தகட்டோடு ஒட்டிக் கிடக்கின்றது. போர்க்காலத்தில் 'வெள்ளை வான்' என்னும் சொல்லுக்கு இருந்த பொருளை அறியாதார் இலர். ஆட்களைக் கொண்டுசென்ற அவ்வண்டிகளிற் பலவற்றுக்கு இலக்கமே இருந்ததில்லை என்பதுதான் அவற்றைக் கண்டோர் திரும்பத் திரும்பக் கூறியது. வாசலிலே நின்று வண்டியின் பின்புறத்தைப் பார்த்தவர்கள் வாசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இலக்கத்தகடு அதிகாரியின் தொல்லை, தண்டப்பணத்துக்கு ஏதுவாயது என்று மட்டும் கருதுவோர், அது பார்த்து நிற்பவனின் உரிமை என்பதனையும் ஒருமுறை எண்ணுதல் தகும்.

நிற்க. வயல்வழி வண்டியின் தகட்டை இடமாற்ற வேண்டிய தேவை உண்மையானதே. வண்டி செய்வோர் அதனை வழக்கமாகப் பின்பம்பரிலோ, பின்கதவின் கீழ்ப்பாகத்திலோ, பின்விளக்கின் அயலிலோ வைக்கின்றனர். தார் வீதிக்கு அது பொருந்தும். வரம்பினைக் கடக்கும் வண்டிக்குப் பொருந்தாது. பின்சில்லு நிலத்தைத் தொடும் புள்ளியிலிருந்து, வண்டியின் பின்புறத்தே தாழ்ந்து நிற்கும் உறுப்புக்கு ஒரு கோடு வரைக. அக்கோடு நிலத்தோடு ஆக்கும் கோணத்தினை விலகு கோணம் எனலாம். தகட்டின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரத்தில், சில்லுத் தொடுபுள்ளிக்கு 80 சென்ரிமீற்றர் பின்னே இருக்குமாயின், அக்கோணம் ஏறக்குறைய 29 பாகை. தகட்டை அகற்றி, 60 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள பம்பரே மிகத் தாழ்ந்த உறுப்பாகும்படி செய்தால், கோணம் 37 பாகையாக உயரும். 35 பாகை சரிந்த வாய்க்காற் கரையிலிருந்து இறங்கும் வண்டி, முதல் நிலையிலே தகட்டினைக் கரையிற் பதித்துவிட்டுச் செல்லும், இரண்டாவதிலே தப்பும். வட்டைகளுக்குச் செல்லும் வண்டிகள் பலவற்றிலே தகடு ஓரத்தில் மடிந்து கிடப்பதன் காரணம் இந்தச் சிறு கணக்கேயன்றிச் சாரதியின் கவனயீனமன்று.

மற்றைய காரணம் மேலதிகச் சில்லு. பெருத்த ரயர்களை விரும்பி மாட்டுவோர், பழைய இடத்திலே மேலதிகச் சில்லினைக் கொள்ள இடமின்றிப் பின்கதவுக்கு மாற்றுகின்றனர். பருத்த அச்சில்லு கதவின் பாதியை விழுங்குகின்றது. அதனோடு தகடும் மறைகின்றது. பக்கத்தே சற்று எட்டிப் பார்த்தால் தகடு தெரிகின்றதே எனச் சமாதானம் கூறுவாருளர். எட்டிப் பார்க்க அவகாசமுள்ளவனுக்கு அத்தகடு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இனி, எங்கே மாற்றுவது? முதலாவது தகுதி, நேர்பின்னே நிற்பவனுக்கு எழுத்து முழுவதும் தெரிதல். தகடு நிலைக்குத்தாக, அல்லது ஏறக்குறைய நிலைக்குத்தாக, வண்டியின் நெடுக்கு நடுத்தளத்துக்குச் செங்கோணத்திலே நிற்றல் வேண்டுமென 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் இணைப்பு கூறுகின்றது. ஐரோப்பிய விதிகள் இன்னும் நுணுகிச் சென்றன. தகட்டின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குத் தாழலாகாது; மேல்விளிம்பு பொதுவாக 1.20 மீற்றருக்கு உயரலாகாது. அவ்வுயரத்துக்குட்பட்ட தகடு மேனோக்கி 30 பாகைவரை சாயலாம். அதனின் உயர்ந்த தகடோ கீழ்நோக்கியே சாயலாம், அதுவும் 15 பாகைக்குள். இவ்விதிகள் இலங்கைக்குரியனவல்ல என்பது மெய்யே. ஆயினும் அவற்றின் பின்னுள்ள நியாயம் கண்ணின் நியாயம். கண் எந்நாட்டிலும் ஒன்றே. தாழ்ந்த தகட்டினை நாம் மேலிருந்து பார்க்கின்றோம். ஆதலின் அது மேனோக்கலாம். உயர்ந்த தகட்டினைக் கீழிருந்து பார்க்கின்றோம். ஆதலின் அது கீழ்நோக்கல் வேண்டும்.

மேலதிகச் சில்லின் நடுவே தகட்டினைப் பொருத்துதல் பலர் விரும்பும் முறை. சில்லின் குழிந்த நடுப்பகுதியிலே தாங்கியொன்று நன்கு அமரும். சுற்றிலும் ரயர் முன்னின்று காப்பதால் மோதலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயின் இம்முறையில் ஒரு வழு உண்டு. சில்லின் சுரைகளோடே தாங்கியைப் பிணைத்துவிட்டால், காற்றுப் போன இரவிலே சில்லினைக் கழற்றும்போது தகடும் கழன்றுவிடும். சாரதி பழுதான சில்லினை வண்டிக்குள்ளே எறிவான். தகட்டினையும் இருக்கையின்கீழ் எறிவான். காலையிற் பொருத்தலாமென எண்ணுவான். அக்காலை பல வாரங்களின் பின்னரே விடியும். எனவே தாங்கி, சில்லினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு பிணைக்கப்படல் வேண்டும். சில்லு போயினும் தகடு நிற்கும். சில்லு வேண்டாதார்க்குப் பின்கதவின் இட மேற்பாகம் ஏற்றது. எங்கு வைப்பினும் புகைபோக்கிக் குழாயின் வாய்க்கு நேரே வைத்தலாகாது. டீசல் கரி மஞ்சட் டகட்டினைச் சில மாதங்களிலே கறுப்பாக்கிவிடும். கறுப்பின்மேற் கறுப்பெழுத்தை வாசிப்பார் யாருமில்லை. திணைக்களம் வழங்கிய தகட்டினையே இடம் மாற்றல் வேண்டும் என்பதும், அதனை வெட்டுதலும் மடித்தலும் ஆகாவென்பதும் சொல்லாமலே அமையும்.

இடம் அமைந்துவிட்டது, அங்கே விளக்கு இல்லை. இடமாற்றம் செய்வோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய இடத்தில் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், தகடின்றி. புதிய இடத்தில் தகடு இருக்கும், விளக்கின்றி.

புதிய தகடுகள் தாமே ஒளிர்கின்றனவே, அவற்றுக்கு விளக்கு எதற்கு என வினவுவாருளர். இவ்வினாவுக்கு விடை கூறாது மேற்செல்லுதல் இயலாது. இத்தகடுகளின் மேற்றளத்திலே நுண்ணிய கண்ணாடி மணிகளோ அரியங்களோ பதிந்துள்ளன. அவை தம்மேற் படும் ஒளியை, அது வந்த திக்கிலேயே திருப்பியனுப்புகின்றன. பின்னே வரும் லொறியின் தலைவிளக்கு ஒளி, லொறிச் சாரதியின் கண்ணுக்கே மீள்கின்றது. ஆகவே அவனுக்குத் தகடு பளிச்சிடும். ஆயின் விளக்கேந்தாது வீதியோரத்தில் நிற்பவனுக்கு? அவனிடமிருந்து ஒளி செல்லவில்லை. ஆதலின் அவனிடத்துக்கு ஒளி மீள்வதுமில்லை. சாதாரண வெள்ளைத் தாள் ஒளியை எப்பக்கமும் சிதறும். இத்தகடோ வந்தவனுக்கே கொடுக்கும் கணக்கன். துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புங்கால் இடித்து வீழ்த்தப்பட்டவன், மாடு தேடிச் சென்ற சிறுவன், கடையடைத்து வரும் முதியவர் ஆகியோர் கையிலே தலைவிளக்கு இல்லை. அவர்கட்குத் தகட்டின் தெறிப்பு ஒரு பயனும் தராது. தகட்டுக்கெனத் தனி விளக்கு ஏற்பட்டது அவர்பொருட்டே.

அவ்விளக்கு மிகப் பேரொளி தருவதாக இருத்தல் வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்கீழ் எழுந்த ஐக்கிய நாடுகளின் 4ஆம் இலக்க விதி இவ்விளக்கினைப் பற்றியது. தகட்டின் அளவுப் புள்ளி ஒவ்வொன்றிலும் துலக்கம் சதுர மீற்றருக்கு 2.5 கந்தெலாவேனும் இருந்தாற் போதுமென்கின்றது அது. முழுமதியின் முகம் சதுர மீற்றருக்குச் சில ஆயிரம் கந்தெலாத் துலக்கமுடையது; அதன் ஆயிரத்திலொரு பங்கு அளவே இங்கு வேண்டப்படுகின்றது. கடினமானது ஒளியின் அளவன்று. அதனைச் சமமாகப் பரப்புதல்.

ஏனெனில் விளக்கு தகட்டின் முன்னே நிற்றல் இயலாது. நின்றால் எழுத்தை அதுவே மறைக்கும். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ சரிவாகத்தான் ஒளி விழல் வேண்டும். சரிவாக விழும் ஒளிக்கு இரு பகைகள் உள்ளன. ஒன்று, தூரம் இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகும் என்னும் நேர்மாறு வர்க்க விதி. மற்றையது, 1760இல் லாம்பேட் என்பார் தெளிவுபடுத்திய கோசைன் விதி: செவ்வனிலிருந்து ஒளிக்கதிர் எவ்வளவுக்குச் சாய்கின்றதோ அவ்வளவுக்குத் தளத்தின் ஒளிர்வு குன்றும். கணக்கிட்டுக் காண்க. தகட்டின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, தகட்டுத் தளத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் முன்னே நீட்டிய தாங்கியில் விளக்கு உள்ளதெனக் கொள்க. விளக்குக்கு 3 சென்ரிமீற்றர் கீழுள்ள எழுத்துப் பெறும் ஒளி, 20 சென்ரிமீற்றர் கீழுள்ள எண் பெறும் ஒளியினும் ஏறக்குறைய 44 மடங்கு. மேல்வரி கண்ணைக் கூசும். கீழ்வரி இருளில் மூழ்கும். அதே விளக்கை 10 சென்ரிமீற்றர் முன்னே நீட்டினால், வேறுபாடு 10 மடங்களவுக்கு இறங்கிவிடும். தாங்கியை ஒரு விரற்கிடை, இரு விரற்கிடை நீட்டுதலின் பயன் இத்துணைத்து.

மேற்கூறிய விதி இதற்கோர் எல்லையும் வகுத்துள்ளது. தகட்டின் எப்புள்ளியிலும் ஒளியின் படுகோணம் 82 பாகையைத் தாண்டலாகாது. 82 பாகையின் தான்சன் ஏறக்குறைய 7.1 ஆதலின், வேலைத்தலத்திலே நினைவில் வைத்தற்கு எளிய முறை இது: மிகத் தொலைவிலுள்ள எழுத்து விளக்குக்கு எவ்வளவு கீழே உள்ளதோ, அதன் ஏழிலொரு பங்குக்குக் குறையாது விளக்கு முன்னே நீண்டிருத்தல் வேண்டும். 20 சென்ரிமீற்றருக்கு இது 3 சென்ரிமீற்றரளவு. கடையில் விற்கும் சிறு விளக்குக்களுட் சில 2 சென்ரிமீற்றரே நீண்டு, தகட்டோடு ஒட்டி நிற்கின்றன. அவற்றின் ஒளி தகட்டின்மேற் படிவதின்றி, உரசிக்கொண்டு நிலத்திலே வீழ்கின்றது. அருகருகேயுள்ள இரு புள்ளிகளின் துலக்க வேறுபாடும், சென்ரிமீற்றருக்கு இழிந்த துலக்கத்தின் இருமடங்கைக் கடத்தலாகாதென விதி கூறும். இதனை எளிதில் அடைதற்கு ஒரு விளக்குக்குப் பதிலாக இரண்டினை இருபக்கமும் அமைத்தல் தக்கது. ஒன்று அவிந்தாலும் மற்றையது எரியும். வயல்வழி வண்டிக்கு இதுவே பெரும் நன்மை.

விளக்கின் ஒளி வெண்மையாக இருத்தல் வேண்டும். அதேவேளை, அவ்வெள்ளொளி நேரே பின்னோக்கித் தெரியலாகாது. பின்னே வருவோன் இரவிற் காணும் வெள்ளொளிக்கு இரு பொருள்களே உள: எதிரே ஒரு வண்டி வருகின்றது, அல்லது முன்னுள்ள வண்டி பின்வாங்குகின்றது. இரண்டும் இங்குப் பொய். ஆதலின் விளக்குக்குத் தகரத்தாலோ றப்பராலோ ஒரு மறைப்பு அமைத்து, ஒளி தகட்டிலே மட்டும் விழச் செய்தல் வேண்டும். நீலம், பச்சை முதலிய அலங்கார விளக்குகளைத் தகட்டைச் சுற்றிப் பதிப்பதோ, பார்ப்பவன் கண்ணைத் தகட்டிலிருந்து திருப்புவதற்கே உதவும்.

மின்னிணைப்பிலே பெருஞ் சூக்குமம் ஒன்றுமில்லை. ஆயினும் சிறு தவறுகள் பல நேர்கின்றன. பின்விளக்கின் குமிழிலே பெரும்பாலும் இரு இழைகள் உள்ளன: 5 உவாற்று இழை எப்போதும் எரிவது, 21 உவாற்று இழை தடுப்பினை மிதிக்கும்போது எரிவது. தகட்டு விளக்கின் கம்பியை முன்னையதன் கம்பியோடு இணைத்தல் வேண்டும். தவறிப் பின்னையதோடு இணைத்தால், தகடு சாரதி தடுப்பினை மிதிக்கும்போது மட்டும் ஒளிரும். தப்பியோடுபவன் தடுப்பினை மிதிப்பானல்லன். தனி ஆளி வைத்தலும் ஆகாது. பின்விளக்கு எரியும்போதெல்லாம் இதுவும் தானே எரிதல் வேண்டும். 12 உவோற்று வண்டியிலே 5 உவாற்றுக் குமிழ் கொள்ளும் மின்னோட்டம் 0.42 அம்பியரளவே. அரை உவாற்று ஒளிகாலும் இருவாயியோ அதன் பத்திலொரு பங்கே கொள்ளும். வண்டியின் நடுக்கத்தால் இழை அறுதலும் அதற்கில்லை. ஒரு குறிப்பு: 1960-களின் நடுப்பகுதிவரை வந்த பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருந்தது. பழைய லாண்ட் றோவரைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். அவற்றில் இருவாயி விளக்கினை வழக்கம்போல இணைத்தால் அது எரியாது. குமிழுக்கு இரு திசையும் ஒன்றே, இருவாயிக்கு ஒரு திசையே வழி.

கம்பி பின்கதவினைக் கடக்கும் இடமே நோய்க்கு இருப்பிடம். கதவு திறந்து மூடுந்தோறும் கம்பி மடியும். மடிந்த இடத்தில் அறும். ஆதலின் பிணைச்சலின் அருகே சிறு வளையமாகத் தளர விட்டு, தகரத் துளையினூடே செல்லுமிடத்தில் றப்பர் வளையமிட்டுக் காத்தல் வேண்டும். மீள்கம்பியையும் தனியே சட்டம்வரை இழுத்தல் நன்று. பிணைச்சலினூடாகவே மின் மீளட்டுமென விட்டால், அதன் துருவும் தீந்தையும் நெய்ப்பும் ஒருநாள் தடுத்தே தீரும். விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்து அவியும்.

ஓட்டமாவடியின் காற்றிலே உப்புண்டு. களப்பு நீர் கடலோடு தொடர்புடையது. வண்டிகள் தோணித்துறைவரை இறங்குகின்றன. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் நீரும் பின்கதவின்மேலேயே வழிகின்றது. உப்பு நீரிலே நனைந்த இணைப்பில் மின்னோட்டம் செல்லுங்கால், நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகின்றது. செம்பிற் களிம்பு சைவ சித்தாந்த நூலார் ஆணவத்துக்குக் கூறும் உவமை. இங்கு அஃது உவமையாக நில்லாது, ஒரே போகத்திற் கம்பியை அறுத்துவிடும். இதற்கு மருந்து எளிது. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியைக் கொள்க. முறுக்கி நாடாச் சுற்றுவதோடு நில்லாது, இணைப்பினை இறுக்கி மேலே ஒட்டுக் குழாய் மூடுக. முனைகளிலே வசலீன் பூசுக. தாங்கியின் திருகாணிகள் துருவா உருக்காலாயின், அவற்றுக்கும் அலுமினியத் தகட்டுக்குமிடையே நைலோன் வளையமிடுக. இன்றேல் உப்பு நீரிலே அவ்விரு உலோகமும் ஒரு மின்கலம்போல வேலை செய்து, தகட்டின் துளைகளை அரித்துவிடும். தகடு பள்ளமொன்றில் விழுந்து காணாமற் போதலும், புதிய தகடுக்குப் பொலிஸ் நிலையத்துக்கும் திணைக்களத்துக்கும் அலைதலும் இதன் முடிவு.

புழுதியின் செயலும் விந்தையானது. சதுரமான பின்புறமுடைய வண்டி ஓடும்போது அதன் பின்னே காற்றழுத்தம் குறைகின்றது. சில்லுகள் கிளப்பிய புழுதி அக்குறையழுத்தத்தை நோக்கிச் சுழன்று வந்து கதவிலும் தகட்டிலும் படிகின்றது. முன்தகடு தூய்மையாக இருக்க, பின்தகடு மட்டும் புழுதியில் மறைவதன் காரணம் இதுவே. கோடையிற் புழுதி, மாரியிற் சேறு. சில்லின் பின்னே றப்பர்த் தட்டி தொங்கவிடுதல் சேற்றைத் தடுக்கும், புழுதியைத் தடுக்காது. புழுதிக்குத் துணியொன்றே மருந்து.

இதுகாறும் கூறியவை ஜீப்புக்கும் பிக்கப்புக்குமாயின. இப்பகுதியிலே மெய்யாகப் பெருந்தொகையாக ஓடுவது உழவு இயந்திரமும் அதன் பெட்டியுமே. அங்கு நிலைமை இன்னும் மோசம். பெட்டி பூட்டியவுடன் இயந்திரத்தின் பின்தகடும் பின்விளக்கும் ஒருங்கே மறைகின்றன. பெட்டியிலே வைக்கோல் ஏற்றினால் அது பக்கங்களிலும் பின்னேயும் தொங்கிப் பெட்டியின் தகட்டினையும் மூடுகின்றது. பெட்டிக்கு மின்னிணைப்பு இருப்பதே அருமை. இருந்ததாயினும் களவெட்டியில் இயந்திரத்தைக் கழற்றிய அவசரத்திற் கம்பி இழுபட்டு அறுந்திருக்கும். நெடுஞ்சாலையிலே மணிக்கு 15 கிலோமீற்றர் செல்லும் இவ்விருண்ட பொருளினை, 80 கிலோமீற்றரில் வரும் வான் சந்திக்கின்றது. ஒவ்வொரு விநாடிக்கும் இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் 18 மீற்றர் குறைகின்றது. இங்குத் தகட்டு விளக்கு, தகட்டை வாசித்தற்கு மாத்திரமன்று. முன்னே ஒரு பெட்டி உண்டு என்பதற்கே அது சாட்சி. ஆதலாற் பெட்டியின் பின்சட்டத்திலே, வைக்கோல் தொங்காத தாழ்வில், இரு செவ்விளக்குக்களும் தகட்டு விளக்கும் ஒரு தொகுதியாக அமைந்து, செருகியொன்றினால் இயந்திரத்தோடு இணைதல் வேண்டும். அத்தொகுதியை ஒரு மரச்சட்டத்திலே பொருத்தி, எந்தப் பெட்டியிலும் கொளுவத்தக்கதாகச் செய்தல் மலிவானது. இரவல் பெட்டிகள் மிகுந்த வெட்டுக் காலத்துக்கு அதுவே ஏற்றது. கையுழவு இயந்திரத்துக்கும் இஃது ஒக்கும்.

வேலை முடிந்தபின் அதனைச் சோதித்தல் எவ்வாறு? வியன்னா உடன்படிக்கையின் அளவு 20 மீற்றர்: தெளிந்த வானிலையில், வண்டி நிற்கையில், அத்தூரத்திலிருந்து இரவிலே இலக்கம் வாசிக்கப்படல் வேண்டும். இந்திய விதிகள் 15 மீற்றர் என்கின்றன. நிலவில்லா இரவொன்றிலே, வீதி விளக்கு எட்டாத இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்விளக்கினை மட்டும் எரியவிட்டு, 20 மீற்றர் நடந்து சென்று திரும்பிப் பார்த்தல் வேண்டும். கையிலே விளக்கு இருத்தலாகாது. இருந்தால் தகடு அதற்கே ஒளி திருப்பி ஏமாற்றிவிடும். வண்டியின் இலக்கத்தை முன்னரே அறிந்தவன் வாசித்தலும் சோதனையாகாது. அறிந்த கண் இல்லாத எழுத்தையும் கண்டுகொள்ளும். அயல்வீட்டுப் பள்ளிச் சிறுவன் ஒருவனை அழைத்து, அவனை வாசிக்கச் செய்க. நேர்பின்னே நின்று வாசித்தபின், வீதியின் இருவோரங்களிலும் நின்று வாசிக்கட்டும். 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் அவன் தடுமாறினால், விளக்கின் தாங்கியை இன்னும் ஒரு விரற்கிடை முன்னே நீட்டிப் பார்க்க.

கழுவிய வண்டியிலே செய்த சோதனை பாதிச் சோதனையே. வட்டையிலிருந்து மீளும் மாலையில், சேறு பூசிய நிலையிலேயே அதனை மறுமுறை செய்தல் வேண்டும். பெரும்பாலும் அப்போது சிறுவனால் ஒன்றும் வாசிக்க முடியாதிருக்கும். அதனால், கிரவல் வழி நெடுஞ்சாலையிற் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னே, வாய்க்கால் மதகடியில் வண்டியை நிறுத்தி, பழைய சாக்கொன்றை நீரில் நனைத்துத் தகட்டையும் விளக்குக் கண்ணாடியையும் இருமுறை துடைத்துக்கொண்டு வீதியேறும் வழக்கத்தைச் சாரதிகள் கைக்கொள்ளல் வேண்டும். அச்சாக்குக்குப் பின்கதவின் உட்புறத்திலே ஒரு கொளுக்கியும் இருக்கட்டும்.